இரண்டு ரிங் அடித்தால் கேட் திறக்கும்

பிரிக்பீல்ட்ஸில் பாலசுந்தரம் வீட்டில் மின்விசிறி போட வேண்டுமானால் பதினோரு பட்டன் அமுக்க வேண்டும். 1994ஆம் ஆண்டு மார்ச் மாதம் வரைக்கும் அந்த வீட்டில் ஒரு சுவிட்சே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. அப்படிப்பட்ட பின்தங்கிய நிலையிலிருந்து தன் குடும்பத்தைக் கைதூக்கிவிட்டவர் பாலசுந்தரமேதான்.

இருபத்தாறு வருடம் தொலைபேசி இலாகாவில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்ற சொல் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தெலுக் பங்லிமா காராங்கில், மின்விசிறி ரெகுலேட்டர் செய்யும் ஒரு தொழிற்சாலையில் போய்ச் சேர்ந்தார். ஆறு வருடம் ரெகுலேட்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு பெட்டியைக் கண்டுபிடித்தார். பெயர் ‘பிந்தார்’. மலாய் மொழியில் புத்திசாலி என்று அர்த்தம். டெலிபோன், கேட், வாசல் கதவு, விளக்கு, விசிறி, குளியலறை ஹீட்டர் எல்லாவற்றையும் வயர் போட்டு அந்தப் பெட்டியோடு இணைத்துவிட்டால், ஊரில் எங்கிருந்து வேண்டுமானாலும் போன் செய்து வீட்டை ஆட்டிப் படைக்கலாம். வீட்டுக்குள்ளேயே இருப்பவர்கள் என்ன செய்வது என்று கேட்டால், அவர்களுக்காகத்தான் அந்தப் பதினோரு பட்டன்.

வீட்டுக்குள்ளேயே இருந்தவர் அவர் மனைவி குணபூசணி. பழைய சுவிட்சுகள் இருந்த இடத்தையெல்லாம் வெள்ளைத் தகடு போட்டு மூடியாயிற்று. கதவிலிருந்த பழைய பூட்டையும் கழற்றியாயிற்று. அதற்குப் பதிலாக அறுபத்துநான்கு பக்கத்தில் ஒரு கையேடு கொடுக்கப்பட்டிருந்தது. மூன்று வாரம் அவள் அதை உண்மையாகவே பயன்படுத்தினாள். விசிறி போட முடியாத மதியங்களில் விசிறிக்கொள்ள அது நல்ல கனமாக, கைக்கு அடக்கமாக இருந்தது.

தொழிற்சாலையிலிருந்து ஒரு படிவம் வந்தது. ‘இந்தச் சாதனம் எவ்வளவு யூசர் ஃபிரெண்ட்லி? ஒன்றிலிருந்து பத்துக்குள் மதிப்பெண் இடவும். வீட்டிலுள்ள இல்லத்தரசி நிரப்ப வேண்டும்.’ பாலசுந்தரம் தன் பேனாவால் ஒன்பது போட்டார். பத்து போடாததற்குக் காரணம் அடக்கம்.

“கையெழுத்து மட்டும் போடு, குணம்.”

“நான் ஒண்ணும் சொல்லவேண்டாமா?”

“ஒன்பது குடுத்திருக்கியே, அதுக்கு மேல என்ன சொல்லணும்?”

ஆனால் தொழிற்சாலை முதலாளி, டத்தோ பட்டம் வாங்கிய லியூ, மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை, கையேட்டின் கனத்தைப் பார்த்தார். “பாலா, என் பெண்டாட்டிக்கு இதைக் கொடுத்தால் என் தலையிலேயே போடுவாள் லா. நம்பரெல்லாம் வேண்டாம். சுலபமாக்கு. சனிக்கிழமை உன் வீட்டுக்கே வந்து பார்க்கிறேன்” என்றார். சனிக்கிழமை டத்தோவுக்குப் பிடித்துப்போனால் பிந்தார் தயாரிப்புக்குப் போகும், பாலசுந்தரம் அதற்குத் தனிப் பிரிவின் மேலாளர். பிடிக்காவிட்டால் மறுபடியும் ரெகுலேட்டர். ஐம்பத்தெட்டு வயதில் இனி மூன்றாவது வாய்ப்பு கிடையாது என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டில் அவர் முகம் பளபளவென்று இருந்தது. வழி கண்டுபிடித்துவிட்டார். நம்பரும் வேண்டாம், பட்டனும் வேண்டாம். வெளியிலிருந்து வீட்டுக்குப் போன் அடிக்க வேண்டியது. இரண்டு ரிங் விட்டு வைத்துவிட்டால் கேட் திறக்கும், கதவு திறக்கும், விளக்கு எரியும், ஹீட்டர் சூடாகும். மூன்று ரிங் விட்டு வைத்தால் எல்லாம் அணையும், கேட்டும் கதவும் பூட்டிக்கொள்ளும். ஒரு ரிங் என்றால் யாரோ தப்பாக அடித்தது, பெட்டி கண்டுகொள்ளாது. வீட்டிலுள்ளவர்களுக்கு இந்தச் சத்தம் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று முதல் நான்கு ரிங்கும் வெளியே கேட்காதபடி செய்துவிட்டார். ஐந்தாவதிலிருந்துதான் மணி அடிக்கும்.

குணபூசணி பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தாள்.

“அந்த மகதலேனா கேக்குறா,” என்று சிரித்தார் அவர். மகதலேனா தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்ப்பவள். செந்தூல் ரயில்வே குடும்பத்துப் பெண். “‘சார், ஆளுங்க ரிங் விட்டுட்டு வைப்பாங்களே, அப்ப என்ன ஆகும்’னு. நான் சொன்னேன், அம்மா, அதெல்லாம் காசு மிச்சம் பிடிக்கிறவங்க பண்ற வேலை. ஒரு அரசாங்க உத்தியோகஸ்தர் வீட்டுல அப்படி ஒரு ரிங் கேட்டிருக்கமாட்டே.”

அரசாங்க உத்தியோகஸ்தர் வீட்டில் பதினெட்டு வருடமாக வேறு எதுவுமே கேட்டதில்லை.

மகள் மீனலோசனி கிள்ளானில் ஆசிரியை. ஞாயிறு மாலை பஸ் ஏறிப் போய் விடுதியை அடைந்ததும் இரண்டு ரிங் விட்டு வைப்பாள். வந்து சேர்ந்துவிட்டேன் என்று அர்த்தம். குணபூசணியின் பள்ளித் தோழி இராசேஸ்வரி செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருப்பவள். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு இரண்டு ரிங். நன்றாக இருக்கிறேன், நீ உன் வேலையைப் பார் என்று அர்த்தம். அவளுக்கு ஆஸ்துமா. இழுப்பு வந்தால் பேச்சு வராது, அதனால் அந்த நேரத்துக்கு மூன்று ரிங். உடனே வா என்று அர்த்தம். புருஷன் போன பிறகு பன்னிரண்டு வருடத்தில் மூன்று ரிங் ஆறு தடவை வந்திருக்கிறது. ஆறு தடவையும் குணபூசணி டாக்சி பிடித்து ஓடியிருக்கிறாள். போனில் யார் என்று எப்படித் தெரியும்? நேரத்தை வைத்துத் தெரியும். இதற்குக் கையேடு கிடையாது.

அப்புறம் ஒரு ஒற்றை ரிங் உண்டு. அது தேத்தண்ணி. பாலசுந்தரம் தொழிற்சாலையை விட்டுக் கிளம்புவதற்கு நேரம் காலம் இல்லை. ஐந்தரைக்கும் கிளம்புவார், எட்டுக்கும் கிளம்புவார். ஆனால் வீட்டுப்படி ஏறும்போது தேத்தண்ணி கொதிக்கக் கொதிக்க மேசையில் இருக்க வேண்டும். தொழிற்சாலை விருந்து ஒன்றில் இந்தக் கஷ்டத்தைக் கேட்ட மகதலேனா, “விடுங்கக்கா, சார் கார் சாவியை எடுத்ததும் நான் ஒரு ரிங் விடுறேன்” என்றாள். அதிலிருந்து ஒரு மணி நேரம் பத்து நிமிடம் கழித்து அடுப்பைப் பற்றவைத்தால் சரியாக இருக்கும். ஐந்து வருடமாகச் சரியாக இருந்தது. தேத்தண்ணியின் அந்தத் துல்லியத்துக்குக் காரணம் தன் நேரந்தவறாமைதான் என்று பாலசுந்தரம் நண்பர்களிடம் சொல்வதுண்டு.

இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கலாமே என்றால், ஒரே ஒருமுறை, கல்யாணமான புதிதில், பக்கத்து வீட்டம்மாள் இப்படிச் செய்வதாகப் பேச்சுவாக்கில் சொல்லிப் பார்த்தாள். இலாகாவின் லைனை இலவசமாகப் பிடித்து வைப்பது திருட்டு என்று முக்கால் மணி நேரம் பிரசங்கம் நடந்தது. விடுமுறை நாட்களில் அவர் காதிலேயே அந்த ரிங்குகள் விழத்தான் செய்தன. அவர் அதை லைன் கோளாறு என்று முடிவு கட்டி, தான் வேலை பார்த்த இலாகாவுக்கே மூன்று புகார்க் கடிதம் எழுதினார். வயர் பார்க்க வந்த ஆளுக்கு அவள் பிஸ்கட் வைத்து, வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

இப்போதும் அவள் ஒரு முயற்சி செய்து பார்த்தாள்.

“என்னங்க, அந்த மூணு ரிங்கை மட்டும் வேற ஏதாவது ஆக்கக் கூடாதா? ராசேஸ் வந்து...”

“குணம், ராசேஸ்வரிக்கும் சர்க்கியூட்டுக்கும் என்ன சம்பந்தம்? யூசர் யூஸ் பண்ணணும். டிசைன்ல வந்து தலையிடக் கூடாது.”

புதன்கிழமை பெட்டி மாறியது. சனிக்கிழமை வரை நாலு நாள்தானே என்று குணபூசணி தன் மனதைச் சமாதானம் செய்துகொண்டாள். மகளுக்குப் போன் செய்து இந்த வாரம் ரிங் விடாதே என்றாள். இராசேஸ்வரியிடம், “ஏழு மணிக்கு வழக்கம்போல விடு, நான் தெரிஞ்சுக்குவேன். ஆனா முடியலன்னா மட்டும் வைக்காதே, நான் எடுக்கிற வரைக்கும் அடிச்சிக்கிட்டே இரு” என்று இரண்டு தரம் சொன்னாள். “அதெல்லாம் எனக்கு ஒரு வருஷமா இழுப்பே இல்ல, நீ போ” என்றாள் அவள்.

அன்று மாலை ஏழு மணிக்கு மணிச்சத்தம் இல்லை. ஆனால் கேட் தானாகத் திறந்தது, கூடத்து விளக்குகள் பளிச்சென்று எரிந்தன, குளியலறையில் ஹீட்டர் முனக ஆரம்பித்தது. குணபூசணி புரிந்துகொண்டாள். இராசேஸ்வரி நன்றாக இருக்கிறாள். தெருவில் போகிறவர்கள் எல்லாம் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள், பெரிய மனிதர்கள் யாரோ வருகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். அவள் போய்க் கேட்டைச் சாத்திவிட்டு வந்தாள். வியாழனும் அப்படியே, வெள்ளியும் அப்படியே. மூன்று நாளும் தேத்தண்ணி மட்டும் நேரத்துக்கு வரவில்லை. “மெஷின் வந்ததும் உனக்கு மெத்தனம் வந்துடுச்சு” என்றார் பாலசுந்தரம். ஒற்றை ரிங்கை விழுங்கி ஏப்பம்விட்ட பெட்டி சுவரில் பச்சை விளக்கோடு சும்மா இருந்தது.

சனிக்கிழமை ஆறரைக்கு டத்தோ வந்தார். குறிப்பெடுக்க மகதலேனாவையும் கூட்டி வந்திருந்தார். தெருவில் மெர்சிடிஸை நிறுத்தி, அதற்குள் உட்கார்ந்தபடியே செங்கல் கனத்தில் இருந்த தன் கைப்பேசியிலிருந்து இரண்டு ரிங் விட்டார். கேட் அகலத் திறந்தது. கதவு திறந்தது. விளக்குகள் எரிந்தன. டத்தோ சிறுபிள்ளை மாதிரி சிரித்தார். “இது நல்லா இருக்கு லா, பாலா!” சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் வடையை எடுத்துக்கொண்டு பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பாலசுந்தரம் உட்காரவில்லை. மேலாளர் ஆனபிறகு உட்கார்ந்துகொள்ளலாம் என்று நினைத்தாரோ என்னவோ, நின்றபடியே ஒவ்வொரு அம்சமாக விளக்கினார். குணபூசணிக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இந்த மனிதர் இப்படித் தலை நிமிர்ந்து பேசி எத்தனை வருடமாயிற்று. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழுக்கு மூன்று நிமிடம். ஏற்கெனவே திறந்து கிடக்கும் கேட் இன்னொருமுறை திறக்கப் போகிறது, யாருக்கும் தெரியாது.

ஏழு மணி ஆனது. ஒன்றும் நடக்கவில்லை. ஏழு ஐந்து. ஏழு எட்டு.

டத்தோ பேனாவைத் திறந்து தயாரிப்பு அனுமதிப் படிவத்தை மடியில் வைத்த நேரத்தில் வீடு முழுவதும் இருண்டது. வெளியே கேட் இழுத்துக்கொண்டு போய் மூடிய சத்தம் கேட்டது. வாசல் கதவு டக்கென்று பூட்டிக்கொண்டது.

“கரண்ட் போச்சா?” என்றார் டத்தோ.

“இல்ல டத்தோ, இது... மூணு ரிங் யாரோ...” என்று ஆரம்பித்தார் பாலசுந்தரம். எங்கிருந்தோ ஒரு கோளாறான அழைப்பு, லைன் குறுக்கீடு, நான் அப்போதே மூன்று கடிதம் எழுதினேன் என்று அவர் சொல்லத் தொடங்கியபோது குணபூசணி எழுந்துவிட்டாள். எடுக்கிற வரைக்கும் அடி என்று சொல்லித்தான் இருந்தது. ஆனால் மூச்சு முட்டும்போது பன்னிரண்டு வருடப் பழக்கமுள்ள கை இந்த வாரம் சொன்னதையா கேட்கும்? மூன்றாவது ரிங்கில் தானாக வைத்துவிட்டது.

“ராசேஸ்வரி! அது ராசேஸ்வரி! கதவைத் திறங்க!”

பாலசுந்தரம் இருட்டில் பெட்டியைத் தடவினார். எல்லாவற்றையும் அணைப்பது என்றால் எல்லாவற்றையும்தானே, பட்டன் மேலிருந்த சின்ன விளக்கையும் சேர்த்துத்தான் அணைத்திருந்தது. உள்ளிருந்து பூட்டைத் திறக்க அவசரத்துக்கென்று விட்டு வைத்திருந்த கடவு எண்ணைத் தப்பாக அமுக்கினார். டத்தோ சிகரெட் லைட்டரைப் பிடித்தார். மறுபடியும் தப்பு. மூன்றாவது தரமும் தப்பாகப் போனதும் பெட்டி ஒரு நீண்ட சத்தம் போட்டு ஊமையானது. மூன்று தவறுக்குப் பிறகு பத்து நிமிடம் யார் கேட்டாலும் திறக்காது. திருடனுக்காகப் பாலசுந்தரம் யோசித்து வைத்த ஏற்பாடு அது, கையேட்டில் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார். குணபூசணி போனை எடுத்தாள். உயிரே இல்லை. வீடு பூட்டியிருக்கும்போது உள்ளே புகுந்த திருடன் வெளிநாட்டுக்குப் போன் பேசிவிடக் கூடாது என்பதற்காக அதையும் அவரே துண்டித்து வைத்திருந்தார். வராத திருடனுக்கு அந்த வீட்டில் செய்து வைத்திருந்த உபசாரத்தில் பாதி அவளுக்குச் செய்திருக்கலாம்.

“பத்து நிமிஷம் பொறு குணம், தானா ரீசெட் ஆயிடும்.”

“பத்து நிமிஷம் அவ பொறுப்பாளா?” என்று கத்தினாள் குணபூசணி. முப்பத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் மூன்றாம் மனிதர் முன்னால் அவள் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை.

பிறகு அவள் அவரைக் கேட்கவில்லை. சமையலறைக்குள் போனாள். இருட்டில் கை நேராக ஆணிக்குப் போய், அதில் தொங்கிய இராசேஸ்வரி வீட்டு மாற்றுச் சாவியை எடுத்தது. பின்கதவின் இரும்புத் தாழ்ப்பாளைத் தூக்கித் தள்ளினாள். கதவு திறந்துகொண்டது. அந்தக் கதவைப் பிந்தாரோடு இணைக்க வேண்டும் என்று பாலசுந்தரத்துக்குத் தோன்றவே இல்லை. சமையலறைப் பக்கம் அவர் வந்தால்தானே அங்கே ஒரு கதவு இருப்பது தெரியும்.

பின்சந்து வழியாக, சாக்கடையைத் தாண்டி, நாலு பேரும் ஓடினார்கள். டத்தோவின் சப்பாத்து முன்வாசலில் பத்திரமாகப் பூட்டிக் கிடந்ததால் அவர் காலுறையோடு ஓடினார். செந்தூலுக்கு மெர்சிடிஸ் பன்னிரண்டு நிமிடத்தில் போனது. மூன்றாவது மாடி. லிப்ட் வேலை செய்யவில்லை. குணபூசணி சாவியைப் போட்டுத் திருப்பினாள். ஒரே திருப்பு.

இராசேஸ்வரி போன் பக்கத்தில் தரையில் சுவரில் சாய்ந்து கிடந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மருந்துக் குழல் அலமாரிக்கு அடியில் உருண்டு போயிருந்தது, மகதலேனா படுத்துக் கையை விட்டு எடுத்தாள். மருந்தை உள்ளே அடித்துவிட்டு, பாலசுந்தரமும் டத்தோவும் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கினார்கள். ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்து, டத்தோ என்றும் பாராமல் எல்லோரையும் திட்டினார். ஒரு மணி நேரம் கழித்து இராசேஸ்வரிக்குப் பேச்சு வந்தது.

“மூணு ரிங்குதானே விட்டேன், என்ன இவ்வளவு நேரம்?” என்றாள்.

குணபூசணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பாலசுந்தரம் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். எந்த மூன்று ரிங், ஏன், எத்தனை வருடமாக என்று, காத்திருந்த நேரத்தில் குணபூசணியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை, அப்போதுதான் அவருக்கு மகதலேனா மெல்லிய குரலில் விளக்கிக்கொண்டிருந்தாள். அவர் இடையில் குறுக்கிடவில்லை. அதுவே அவளுக்குப் புதிதாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை டத்தோ படிவத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தார். “உன் மனைவியின் சிஸ்டம் பதினெட்டு வருஷம் ஓடியிருக்கு, ஒரு கம்ப்ளேன் இல்ல. உன்னுது நாலு நாள். போய் அவங்ககிட்ட உட்கார்ந்து எழுதிட்டு வா, ஆறு மாசம் தரேன். இனிமே மகதலேனா சரின்னு சொல்லாம ஒரு பெட்டியும் கேட்டைத் தாண்டாது” என்றார். மேலாளர் பதவியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ரெகுலேட்டரைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை என்பதைப் பாலசுந்தரம் ஒரு சலுகையாக எடுத்துக்கொண்டார்.

அன்று மாலை பெட்டி சுவரிலிருந்து இறங்கியது. பாலசுந்தரம் நோட்டுப் புத்தகத்தோடு சமையலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். பின்கதவை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

“சரி, சொல்லு. ரெண்டு ரிங்னா சேர்ந்தாச்சு இல்லன்னா சுகமா இருக்கேன். மூணு ரிங்னா உடனே வா. ஒரு ரிங்?”

“அது தேத்தண்ணி.”

“தேத்தண்ணியா? யாரு அடிக்கிறது?”

“மகதலேனா. நீங்க கார் சாவியை எடுத்ததும்.”

அவர் பேனா நின்றது. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் நேரம் தவறிய தேத்தண்ணியை அவர் யோசித்துப் பார்ப்பது அவளுக்கு முகத்திலேயே தெரிந்தது. ஐந்து வருடமாகத் தானும் இந்த வீட்டில் வயர் இல்லாமல் இணைக்கப்பட்டிருந்த ஒரு சாதனம் என்பது, அதுவும் கொஞ்சம் கோளாறு பிடித்த சாதனம் என்பது, ஒரு இன்ஜினியருக்கு லேசில் ஜீரணமாகிற விஷயமல்ல. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

“அவளை ஏன் தொந்தரவு பண்ணணும்,” என்றார் கடைசியில், நோட்டைப் பார்த்தபடியே. “நாளையில இருந்து நானே அடிக்கிறேன்.”

மறுநாள் மாலை ஆறு மணி. போன் ஒருமுறை அடித்து ஓய்ந்தது. இலாகாவின் லைனை இலவசமாகப் பிடித்து வைக்கும் திருட்டைத் தன் ஐம்பத்தெட்டாவது வயதில் பாலசுந்தரம் செய்துவிட்டார். குணபூசணி கடிகாரத்தைப் பார்த்து, ஏழு பத்து என்று கணக்கு வைத்துக்கொண்டாள். ஏழு மணிக்கு இராசேஸ்வரியின் இரண்டு ரிங் வேறு வர வேண்டும்.

அரை நிமிடத்தில் போன் மறுபடியும் அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அவள் போனை நோக்கி ஓடினாள். நான்கு, ஐந்து. எடுத்தாள்.

“குணம், நான்தான். இப்ப ஒரு ரிங் விட்டேனே, உனக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“அதில்ல, ஒரு சிக்னல் அனுப்பினா அது போய்ச் சேர்ந்துச்சான்னு அனுப்பினவனுக்குத் தெரியணும். அது இந்த சிஸ்டத்துல இல்ல. உனக்குக் கேட்டுச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“வீட்டுக்கு வாங்க,” என்றாள் குணபூசணி. “தேத்தண்ணி சூடா இருந்தா கேட்டுச்சுன்னு அர்த்தம்.”